கோலும் காலும்

கொச்சியில் வாழும் தமிழருள் எறணாகுளத்துப் பிராட்வே தெருவை அறியாதார் இரார். காயலின் மேற்குக் கரையில் மட்டாஞ்சேரி. கிழக்குக் கரையில் எறணாகுளம். அக்கிழக்குக் கரையின் பழைய அங்காடித் தெருவே பிராட்வே. ஆங்கிலப் பெயரில் அகலம் உண்டு. தெருவில் அது இல்லை. இருமருங்கும் கடைகள் தோளோடு தோள் உரச நிற்கின்றன. அவற்றிடையே சந்துகள் பல கிளைத்து ஓடுகின்றன.

ஒரு நாள் மாலை அத்தெருவோரம் நின்றபோது நாம் கண்ட காட்சியொன்று இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. இப்பகுதியினர் சுமட்டுத் தொழிலாளி என்று வழங்கும் சுமைதூக்குவோர் ஒருவர், தலையில் சும்மாடு கோலி, அதன்மேல் பெரியதொரு துணிப்பொதியை ஏற்றி வந்தார். பொதியின் அகலம் அவர் நுழைய வேண்டிய சந்தின் அகலத்தில் முக்காற் பங்கு இருக்கும். சந்தின் முகப்பில் அவர் தயங்கினாரல்லர். இடத்தோளைச் சிறிது முன் திருப்பினார்; முழங்கால்களை மடக்கினார்; கழுத்தை மட்டும் அசையாது நிறுத்திக்கொண்டார்; கடைமுன் தாழ்ந்து தொங்கிய படுதாவின் கீழே வழுக்குவது போல் நுழைந்து மறைந்தார். எதிரே வந்தோர் ஒருவரும் உரசப்படவில்லை.

என்ன அழகு என்று நாம் வியந்தோம். வியந்த மறுகணமே உள்ளத்தில் ஒரு கூச்சம் எழுந்தது. அந்த அசைவு அவர் விரும்பிக் கற்றதா? அன்றி, சந்து அவர்க்குக் கற்பித்ததா? பல ஆண்டுகள் நாள்தோறும் அந்தச் சந்தினுள் மடங்கி மடங்கி அவர் முழங்கால் பெற்ற பாடத்தை நாம் கலை என்று கண்டு களித்தோமேயன்றி, அந்தப் படுதாவை ஓரடி உயர்த்திக் கட்டியிருக்கலாகாதா என்று எண்ணினோமில்லை.

இடத்திற்கேற்ப உடல் மடங்குவதா, உடலுக்கேற்ப இடம் அமைவதா? கட்டடக்கலையில் மிகப் பழைய வினா இது. அறநூலுக்கும் உரியது என்பது நம் கருத்து.

எழுந்துள்ள முயற்சி

இக்காலக் கட்டடக்கலைஞருள் சிலர், கலைஞர்கள் பயிலவும் படைக்கவும் எழுப்பும் கூடங்களை, அக்கலைஞரின் உடலசைவையே அடிப்படையாகக் கொண்டு வகுக்க முனைகின்றனர். நடனமாடுவோர் சுழலும்போது கை எத்துணைத் தொலைவு வீசுகின்றது, ஓவியர் தம் திரையை நோக்க எத்தனை அடி பின்வாங்குகின்றார், சிற்பி கல்லைச் சுற்றி எவ்வழியே நடக்கின்றார் என்பவற்றைக் குறித்துக்கொண்டு, அக்குறிப்பிலிருந்து சுவரையும் தரையையும் வாயிலையும் பிறப்பிப்பது அவர்தம் நெறி. முன்னரே வரைந்த கட்டத்துக்குள் மனிதனை அடைப்பதினும் மனிதன் நடந்த தடத்தின்மேல் கட்டத்தை எழுப்புவது மேல் என்பது அவர் கொள்கை.

கேட்ட அளவில் இது முழுதும் ஒப்பத்தக்கதாகவே தோன்றும். நாமும் ஒப்புகின்றோம், ஆயின் ஒரு வினாவை விடுத்த பின்னரே ஒப்ப விழைகின்றோம். அளக்கப்பட்டது யாருடைய அசைவு?

இளங்கோவடிகள் காட்டும் அரங்கு

உடலிலிருந்து அரங்கைப் பிறப்பிக்கும் முறை மேனாட்டார் நேற்றுக் கண்ட புதுமையன்று. சேரர் குடியிற் பிறந்தவராகப் போற்றப்படும் இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் அதனை விரிவாகக் கூறியுள்ளார். மலைச்சாரலில் வளர்ந்த, கணுவுக்குக் கணு ஒரு சாண் இடைவெளியுள்ள மூங்கிலைத் தேர்ந்து கோலாகக் கொள்ளல் வேண்டும். அக்கோலின் நீளம் இருபத்துநான்கு விரல். அரங்கின் அகலம் ஏழு கோல். நீளம் எட்டுக் கோல். தரையினின்று மேடையின் உயரம் ஒரு கோல். மேடைக்கும் மேலுள்ள உத்தரத்திற்கும் இடையே நான்கு கோல். வாயில் இரண்டு. திரைகள் மூவகை. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாவண்ணம் விளக்கு அமைக்கப்பெறும்.

ஒரு கோலை ஏறத்தாழ ஒன்றரை அடி முதல் இரண்டடி வரை என்று கொண்டால், அரங்கின் அகலம் பத்தரை முதல் பதினான்கு அடி. நீளம் பன்னிரண்டு முதல் பதினாறு அடி. ஒருத்தி தனித்து ஆடுதற்கு ஏற்ற அளவு இது. முகக்குறிப்பு அவையோர்க்குப் புலப்படும் அளவும் இதுவே. விரலில் தொடங்கிக் கோலாகி, கோல் மேடையாகி, மேடை முழுவதும் மனித உடலின் பெருக்கமாகவே நிற்கின்றது. நிழலைக் கூடப் பொருட்படுத்திய அப்பெருந்திறம் நம்மைத் தலைவணங்கச் செய்கின்றது.

எனினும் உரைகாரர் கூறும் ஒரு செய்தியை ஈண்டு நினைவு கூர்தல் வேண்டும். கோலுக்கு அளவான அவ்விரல், உத்தம அளவினனான ஓர் ஆடவனின் கைப்பெருவிரல் என்பர் அவர். அம்மேடையில் ஏறியவளோ மாதவி. ஐந்தாம் வயதில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறிய சிறுமி. நிறைவான ஆடவன் ஒருவனின் விரலால் அளந்த மேடையில் ஆடியது ஒரு சிறுமியின் கால். கோல் ஒருவருடையது, கால் மற்றொருவருடையது. மாதவி அம்மேடையில் சிறப்புற ஆடினாள் என்பது உண்மை. அளவில் உத்தமர் யார் என்று முடிவு செய்யும் இடத்தில் அவளுக்கு இருக்கை இருந்ததில்லை என்பதும் உண்மை.

கூத்தம்பலமும் அதன் வாயிலும்

சிலம்பு காட்டும் அரங்கு இன்று கல்லாகவோ மரமாகவோ எஞ்சவில்லை. ஆயின் அதன் உறவினர் என்று சொல்லத்தக்க கட்டடங்கள் நாம் வாழும் இக்கேரள மண்ணில் நிற்கின்றன. திருச்சூர் வடக்குநாதர் கோயிலிலும் இரிஞ்ஞாலக்குடைக் கூடல்மாணிக்கம் கோயிலிலும் உள்ள கூத்தம்பலங்களைக் கண்டோர் இதனை அறிவர். வஞ்சிக் காண்டத்து நடுகற் காதையில் சேரன் செங்குட்டுவன் முன் ஆடிய பறையூர்க் கூத்தச் சாக்கையனின் மரபினரே இன்றைய சாக்கியார் என்பது அறிஞர் பலரின் கருத்து. அச்சாக்கையன் ஆடியது உமையொருபாகனின் ஆட்டம். சிவனின் பாதி உடலில் சிலம்பும் பறையும் ஒலிக்க, உமையின் பாதி உடலில் ஓர் அணியும் குலுங்காதிருந்தது என்று காப்பியம் காட்டுகின்றது. அசைவை அறிந்தவன் அசையாமையையும் அறிந்திருந்தான்.

கூத்தம்பலத்தின் அமைப்பை நோக்குவோம். உள்ளே, தூண்கள் தாங்கிய தனிக்கூரையின் கீழ்ச் சதுரமான மேடை. அதன் பின்னே அணியறை. அங்கிருந்து மேடைக்கு இரு வாயில்கள். அவ்வாயில்களின் இடையே, மரச்சட்டங்களில் பொருத்திய மிழாவு என்னும் பெருங்குட முழவுகள். மேடையின் ஒரு புறம் தாளமிடும் நங்கையார் அமர்வர். முன்னே ஒரு குத்துவிளக்கு. அதன் திரிகளுள் இரண்டு நடிகரை நோக்கியும் ஒன்று அவையோரை நோக்கியும் எரியும். கூடியாட்டக் கலைஞர் நெடுநேரம் ஓரிடத்தில் நின்றோ, சிறு பீடத்தில் அமர்ந்தோ, கண்ணாலும் புருவத்தாலும் கைம்முத்திரையாலும் கதை நிகழ்த்துபவர். ஆதலின் விளக்கின் உயரம், மேடையின் அளவு, அவையோரின் அண்மை ஆகிய அனைத்தும் ஓர் இமையின் அசைவுக்காக வகுக்கப்பெற்றவை. வாலியின் சாவை நடித்துப் புகழ்பெற்ற அம்மன்னூர் மாதவ சாக்கியார் போன்றோரின் கலை, விளக்கிலிருந்து சில அடித் தொலைவிலேயே முழுமையாகப் புலனாகும். மனித அசைவிலிருந்து பிறந்த கட்டடத்திற்கு இதனினும் சிறந்த சான்று தேடுவது அரிது.

அச்சிறப்பின் மறுபுறமும் உண்டு. கூத்தம்பலம் கோயில் மதிலுக்குள் இருந்தது. ஆடும் உரிமை சில குடிகளில் பிறந்தோர்க்கே இருந்தது. காணும் உரிமையும் கோயிலினுள் நுழையத்தக்கார் என்று கருதப்பட்டோர்க்கே இருந்தது. திருவிதாங்கூரில் 1936ஆம் ஆண்டில் ஆலயப் பிரவேச அறிவிப்பு வந்தது. கொச்சி இராச்சியத்தில் அதற்குப் பின்னும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஓர் இமையின் அசைவுக்கும் இடம் தந்த கட்டடம், நாட்டு மக்களில் பெரும்பாலோரின் காலடிக்கு இடம் தரவில்லை. அளவில் குற்றமில்லை, அளந்தவர் யாரை எண்ணி அளந்தார் என்பதில்தான் குறை.

அக்குறையை நீக்கியோர் வெளியாரல்லர், அக்கலைக்குள் பிறந்தவரே. பைங்குளம் இராம சாக்கியார் 1949ஆம் ஆண்டில் கோயிலுக்கு வெளியே கூத்து நிகழ்த்தினார். அன்று அதற்கு வேண்டியிருந்த துணிவை இன்று நாம் எளிதில் அளவிட இயலாது. வள்ளத்தோள் 1930ஆம் ஆண்டில் நிறுவிய கேரள கலாமண்டலத்தில் 1965ஆம் ஆண்டில் கூடியாட்டப் பயிற்சி தொடங்கியபோது அதன் ஆசானாக அமர்ந்தவரும் அவரே. சாக்கியார் குடியிற் பிறவாத மாணவர்களும், பின்னர் நங்கையார் குடியிற் பிறவாத பெண்களும் அங்குப் பயின்றனர். 1976ஆம் ஆண்டில் செறுதுருத்தியில் கலாமண்டலத்திற்கென ஒரு கூத்தம்பலம் எழுந்தது. பொறியாளரும் கலையறிஞருமான அப்புக்குட்டன் நாயர் பழைய நூல்நெறிப்படி அதனை வகுத்தார். மேடையின் இலக்கணம் மாறவில்லை. வாயிலின் இலக்கணம் மாறிற்று. 2001ஆம் ஆண்டில் யுனெஸ்கோ கூடியாட்டத்தை மானுடத்தின் அருஞ்செல்வமாக அறிவித்தபோது, அப்பெருமையில் அந்த வாயிலுக்கும் பங்கிருந்தது.

மேனாட்டுச் சோதனைகள்

கடல் கடந்தும் நோக்குவோம். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரையடுத்த ஹெல்லராவில் 1911ஆம் ஆண்டில் ஓர் அரங்கு எழுந்தது. இசையை உடலசைவால் கற்பித்த எமில் ழாக் தால்குரோஸின் பள்ளிக்காகத் தெஸ்ஸெனோ என்னும் கட்டடக்கலைஞர் அதனை அமைத்தார். படிகளும் தளங்களும் சாய்வுகளும் ஆடுவோரின் தாளத்திற்கு விடை சொல்லுமாறு அமைய வேண்டும் என்று அதற்குக் கருத்து வழங்கியவர் அடால்ஃப் ஆப்பியா. ஆடுவோர்க்கும் காண்போர்க்கும் இடையே தடுப்பின்றி ஒரே கூடமாக அது அமைந்தது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1950களில் நிகழ்ந்தது இன்னும் எளியது. நடனக்கலைஞர் அன்னா ஹால்ப்ரினுக்காக, அவர் கணவரும் நிலவமைப்புக் கலைஞருமான லாரன்ஸ் ஹால்ப்ரின், ஆர்ச் லாட்டரர் என்னும் அரங்கமைப்பாளருடன் சேர்ந்து, வீட்டின் கீழே மலைச்சரிவில் மரங்களிடையே ஒரு மரத்தளம் அமைத்தார். அது சதுரமன்று. மரங்கள் நின்ற இடத்தில் விலகியும், சரிவு விட்ட இடத்தில் நீண்டும் சென்றது. நேர்க்கோட்டுச் சுவர் இல்லாத அத்தளத்தில் ஆடியோர்க்கு, எது முன், எது பின் என்ற பழைய பழக்கமே கழன்றுபோயிற்று. இடம் உடலைப் பின்பற்றி அமைந்தது. பின்னர் அவ்விடமே உடலுக்குப் புதியன கற்பித்தது. லாரன்ஸ் ஹால்ப்ரின் மனித நடமாட்டத்தை இசைக்குறிப்புப் போல் எழுதிக்காட்டும் முறையொன்றையும் 1960களில் வகுத்தார்.

இவை நல்ல எடுத்துக்காட்டுகள். எச்சரிக்கையாக நிற்பனவும் உண்டு. சண்டிகார் நகரை வகுத்த லெ கொர்பூசியே 1940களில் மாடுலர் என்னும் அளவுமுறையைக் கண்டார். ஆறடி உயரமுள்ள ஒரு மனிதன். அவன் கையை உயர்த்தினால் 226 சென்டிமீட்டர். அவ்வுருவிலிருந்து இருக்கை முதல் கூரை வரை அனைத்தும் பிறக்கும். முதலில் 175 சென்டிமீட்டராக எண்ணப்பட்ட அம்மனிதன் பின்னர் ஆறடியாக வளர்ந்தான். ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் வரும் எடுப்பான ஆடவர் ஆறடி உயரத்தவர் என்பதும் அதற்கொரு காரணமாகச் சொல்லப்பட்டது. கதையில் வந்த ஆடவன் சண்டிகாரின் சுவருக்கு அளவானான். அச்சுவருக்குள் வாழ வந்த பஞ்சாபத்துப் பாட்டியை யாரும் அளக்கவில்லை. சிலம்பின் உத்தமனுக்கும் இவனுக்கும் இடையே உள்ள தொலைவு பெரிதன்று.

இன்னொன்று கூறுவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் என்னும் தம்பதியர், தொழிலாளரின் விரல்களில் சிறு விளக்குகளைப் பொருத்தி, இருளில் அவ்விளக்குகள் வரையும் ஒளிக்கோட்டைப் படம்பிடித்தனர். செங்கல் அடுக்கும் கொத்தனாரின் பதினெட்டு அசைவுகளை ஐந்தளவிற்குப் பிராங்க் குறைத்தார். செங்கல்லை இடுப்பளவு உயரத்தில் வைக்கும் சாரம் அமைத்தமையால் கொத்தனார் ஒவ்வொரு கல்லுக்கும் குனியும் துன்பம் ஒழிந்தது. அதே வேளையில், மணிக்கு 120 கல் வைத்தவர் 350 கல் வைக்கலாயினார். குனியாத முதுகு தொழிலாளியின் ஊதியம். கூடிய கற்களின் ஊதியம் முதன்மையாக யாருடையது? அசைவை அளப்பது அன்பின் செயலாகவும் அமையலாம். பிழிவதன் செயலாகவும் அமையலாம். அளவுகோலைப் பார்த்து வேறுபாடு காண இயலாது. அளந்து முடித்தபின் எஞ்சிய மூச்சு யாரிடம் சேர்ந்தது என்று பார்த்தே காண இயலும்.

காயலோரத்துப் பண்டகசாலைகளும் வெளியின் கற்களும்

மீண்டும் கொச்சிக்கே வருவோம். இங்குக் கலைஞர்க்கான பெருங்கூடங்களாக இன்று உலகம் அறிவன, கலைஞர்க்காகக் கட்டப்பட்டவை அல்ல. 2012ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் தொடங்கிய கொச்சி முசிரிஸ் பியனாலே, கோட்டைக் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் உள்ள பழைய வணிகக் கட்டடங்களில் இடம் கொண்டது. அவற்றுள் தலையாயது, 1867ஆம் ஆண்டில் ஆஸ்பின்வால் என்னும் ஆங்கில வணிகர் நிறுவிய நிறுவனத்தின் வளாகம். தேங்காயெண்ணெயும் மிளகும் மரமும் இஞ்சியும் மஞ்சளும் அங்கிருந்து கப்பலேறின. படகுத்துறையை நோக்கித் திறந்த வாயில், பொதிகளை அடுக்க நீண்ட கூடம், காற்றுப் புக உயர்ந்த கூரை என்று ஒவ்வொன்றும் சுமை தூக்கியோரின் நடையைப் பின்பற்றி அமைந்தது. பெப்பர் ஹவுஸ் என்னும் பண்டகசாலையும் அத்தகையதே. நீரை நோக்கிய கட்டடத்திற்கும் சாலையை நோக்கிய கட்டடத்திற்கும் இடையே அகன்ற முற்றம். இன்று அக்கூடங்களில் ஓவியரும் சிற்பியரும் நடக்கின்றனர்; அவர்தம் பெரும் படைப்புகள் அங்கே தாராளமாக அடங்குகின்றன. பெயர் எழுதப்படாத சுமைகாரரின் கால்கள் வகுத்துத் தந்த அகலம் அது.

கூத்தம்பலம் எழுந்த அதே 1976ஆம் ஆண்டில் கோட்டைக் கொச்சியின் வெளிப் பகுதியில் வேறொரு கட்டடம் எழுந்தது. பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் அமைத்த சலவைத்துறை அது. தோபிகானா என்று ஊரார் வழங்குவர். அங்கு வெளுப்போர் நம் மொழி பேசும் வண்ணார் குடியினர். டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடைகளை வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப் பெற்றவர் அவர்தம் முன்னோர் என்பது வழிவழி வரும் செய்தி. நாற்பது அளவிலான சலவை அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு தொட்டியும் ஒரு கல்லும். வெளியே திறந்த மைதானத்தில், முறுக்கிய இரட்டைக் கயிறுகளின் புரிக்குள் துணியின் முனையைச் செருகிக் காயவைக்கின்றனர், கவ்விகள் வேண்டுவதில்லை. கை உயரும் அளவே கயிற்றின் உயரம். கை வீசும் அளவே அறையின் அகலம்.

ஒரே ஆண்டில் எழுந்த இவ்விரு கட்டடங்களையும் அருகருகே வைத்து எண்ணுவோம். இரண்டும் மனித அசைவை அறிந்து எழுந்தவை. ஒன்றைக் கலையின் கட்டடம் என்று நூல்கள் போற்றுகின்றன. மற்றொன்றைச் சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துச் செல்கின்றனர். துணி கல்லில் விழும் ஓசையில் தாளம் உண்டு என்று சிலர் எழுதுகின்றனர். அதைக் கேட்கும்போதெல்லாம் பிராட்வேயில் நம் உள்ளத்தில் எழுந்த கூச்சமே மீண்டும் எழுகின்றது. தாளம் உண்டு, ஐயமில்லை. தோள்வலியும் உண்டு. அக்குடிகளின் இளையோர் பலர் வேறு தொழில் நாடுவது தாளத்தை வெறுத்தன்று. உழைப்பின் அசைவை இழிவென்று தள்ளுவது ஒரு குற்றமாயின், அதனை அழகென்று மட்டும் கண்டு நகர்வது மற்றொரு குற்றமாகும்.

ஏற்ற கட்டும் சுமந்த கட்டும்

ஈண்டு ஒரு மறுப்பு எழக்கூடும். உடலுக்கேற்ப இடம் அமைந்துவிட்டால் கலை எங்ஙனம் வளரும்? நெருக்கடியன்றோ திறனை வளர்க்கின்றது? களரியைப் பாருங்கள், நாற்பத்திரண்டடி நீளமும் இருபத்தோரடி அகலமுமாக நிலத்தைத் தோண்டி அமைத்த குழிக்குள், குறுகிய வெளியில் பயின்றன்றோ அவ்வீரர் புலிப்பாய்ச்சல் கற்றனர்? பரதம் பயில்வோர் அரைமண்டியில் அமர்ந்து முழங்கால் நோக நிற்பதும் கட்டுப்பாடு அன்றோ?

மறுப்பில் உண்மை உண்டு. உடலைச் சிறிதும் எதிர்க்காத இடம் உடலுக்கு எதையும் கற்பிக்காது. ஆயின் தானே ஏற்றுக்கொண்ட கட்டு வேறு. பிறரால் ஏற்றப்பட்ட கட்டு வேறு. அரைமண்டியில் அமர்ந்தவர் ஆசானிடம் நோவைச் சொல்லலாம்; பயிற்சி முடிந்தபின் நிமிரலாம்; வேண்டாவெனில் விட்டும் போகலாம். களரிக் குழியில் இறங்கியவர்க்கு ஏறிவரும் படி உண்டு. பிராட்வேச் சந்தில் மடங்கியவர் நிமிர்ந்தால் பொதி விழும். விட்டுப்போனால் அன்றைய அடுப்பு எரியாது. இரு முழங்கால்களும் ஒரே கோணத்தில் மடங்கினும் இரண்டும் ஒன்றாகா. அசைவைக் கருவியால் அளப்போர் கோணத்தை மட்டுமே காண்பர். அதன் பின்னுள்ள உரிமையைக் காணார். காணாமல் வரைந்த படம் துல்லியமாக இருக்கும், நேர்மையாக இராது.

ஆதலின் கலைஞர்க்குப் புதுமையான கட்டடம் எழுப்ப முனைவோரிடம் மூன்று கடமைகளை வேண்டுகின்றோம். முதலாவது, யாருடைய அசைவு அளக்கப்பட்டது என்பதை வெளிப்படச் சொல்லல். மேடையில் ஆடும் இளைஞரின் பாய்ச்சலை மட்டுமன்றி, முதிர்ந்த ஆசான் படியேறும் நடையையும், சக்கர நாற்காலியில் வரும் கலைஞரின் திருப்பத்தையும், நள்ளிரவில் அக்கூடத்தைப் பெருக்கும் பெண்ணின் குனிவையும் அளத்தல் வேண்டும். இரண்டாவது, அசைவுக்குரியவரையே அளவுகோலின் மறுமுனையைப் பிடிக்கச் செய்தல். ஹால்ப்ரின் தளம் வாழ்ந்தது அதில் ஆடியவர் அதன் அமைப்பிலும் உடனிருந்தமையால். கூத்தம்பலத்தின் வாயில் திறந்தது அக்கலையில் பிறந்தவர் ஒருவர் வெளியே காலடி வைத்தமையால். மூன்றாவது, அளவுக்கு அடங்காததற்கும் சிறிது இடம் ஒழித்து வைத்தல். நாளை வரும் கலைஞரின் அசைவை இன்று யாரும் அளக்க இயலாது. மிளகு மூட்டைக்குக் கட்டிய பண்டகசாலை ஒன்றரை நூற்றாண்டு கழித்துச் சிற்பிக்கு இடந்தந்ததெனின், ஒரே அசைவுக்குள் இறுகிவிடாத அதன் பெருந்தன்மையே காரணம்.

பியனாலேயின் பொருட்டுக் கப்ரால் யார்டில் சில முறை தற்காலிகமாக எழுப்பிய அரங்குகள் விழா முடிந்ததும் பிரிக்கப்பட்டன. பிரித்துவிடும் துணிவும் ஒரு நற்பண்பே என்று கருதுகின்றோம். நம் அளவு பிழைபடக்கூடும் என்று ஒப்புக்கொள்ளும் கட்டடம் அது.

இக்கட்டுரையை எழுதுமுன் மீண்டும் ஒரு முறை பிராட்வேக்குச் சென்றிருந்தோம். அதே சந்து, அதே படுதா. பொதி சுமந்து வேறொருவர் வந்தார். இம்முறை நாம் வியந்து நிற்கவில்லை. அவர் நெருங்கியதும், கடைக்காரரிடம் ஒரு சொல் கேட்டுக்கொண்டு, படுதாவின் முனையைக் கையால் உயர்த்திப் பிடித்தோம். அவர் முழங்காலை மடக்காமல், நிமிர்ந்த நடையாக நடந்து சென்றார். அவ்வசைவில் நாட்டியத்தின் அழகு ஏதும் இல்லை. மனிதர் ஒருவர் நடந்து சென்றார், அவ்வளவே. கடைக்காரர் நம்மை ஒரு கணம் நோக்கினார். பின் உள்ளிருந்து ஒரு கயிற்றை எடுத்துவந்து, படுதாவை மேலே இழுத்துக் கட்டினார்.

கோல் எடுப்போர் எல்லோரும் முதலில் கற்க வேண்டிய கட்டடக்கலை அந்தக் கயிற்றில் அடங்கியிருக்கின்றது என்று நாம் நம்புகின்றோம்.